புதுசா சூப்பர்வைசர் ஆயிருக்கீங்களா? பனியன் கம்பெனி லைன பாத்துக்கறது பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் திருப்பூர்ல கைமடியா, அதாவது டைலருக்கு பீஸ் எடுத்துக் குடுக்குற ஒத்தாச ஆளா, உள்ள வந்தவ. அப்புறம் ஓவர்லாக் டைலர், அப்புறம் லைன் சூப்பர்வைசர், இப்ப ப்ரொடக்‌ஷன் மொத்தமும் பாக்குறேன். புதுசா சூப்பர்வைசர் ஆன பசங்களும் புள்ளைங்களும் ராத்திரி எட்டரைக்கு மேல போன் போட்டு "அக்கா, ஆளுங்க சொல் பேச்சு கேக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது"ன்னு கேப்பாங்க. கேக்குறது பெரும்பாலும் அதே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதிட்டேன். வேற தொழில்ல இருக்கவங்க படிச்சாலும் பாதி பொருந்தும், மீதிய விட்டுத் தள்ளுங்க.

நேத்து வரைக்கும் டைலர், இன்னைக்கு சூப்பர்வைசர். மொத வாரம் என்னக்கா பண்ணட்டும்?

எதையும் மாத்தாதீங்க. புதுசா வந்தவங்க பண்ற பெரிய தப்பே வந்த அன்னைக்கே நாலு பேர எடம் மாத்தி உக்கார வைக்கறதுதான், நானும் பண்ணுனேன். காலைல எட்டரைக்கு மூணு பேர மாத்துனேன், டீ டைமுக்குள்ள ஸ்லீவ் அட்டாச்ல (கைய சேத்து தைக்கற எடத்துல) பீஸ் மலையா குமிஞ்சு கெடக்குது, கடைசில பாட்டம் (கீழ் ஓர மடிப்பு) அடிக்கிற பேட்லாக் மிஷின்காரம்மா பீஸ் இல்லாம ஜன்னல பாத்துட்டு உக்காந்திருக்காங்க. விசயம் என்னன்னா, மூணாவது மிஷின் மோட்டார் சூடாகும், மதியத்துக்கு மேல ஸ்பீடு எறங்கிரும், அதனாலதான் எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் மெதுவான வேலய அதுல போட்டு வச்சிருந்தாரு. அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் கேக்க கௌரவம் எடம் குடுக்கல.

மொத வாரம் எல்லாரோட பேரும் தெரிஞ்சுக்கங்க, "ஏம்மா", "தம்பி"ன்னு பொதுவா கூப்புடறத விட்ருங்க. யாருக்கு எந்தெந்த மிஷின் ஓடும்னு ஒரு நோட்ல எழுதுங்க. அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "உங்க வேலைல எது உங்கள இழுத்தடிக்குது?"ன்னு. ஸ்டூல் ஆடுதுங்கும் ஒண்ணு, கத்திரி மொன்னைங்கும் ஒண்ணு, பண்டல (வெட்டுன பீஸ் கட்ட) இவ்ளோ இறுக்கமா கட்டி அனுப்புனா பிரிக்கவே நேரம் போகுதுங்கும் இன்னொண்ணு. அதுல அன்னைக்கே முடியுற ஒண்ண சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க. எங்க லைன்ல ஒரு அக்கா ரொம்ப வருசமா ஆடுற ஸ்டூல்ல அட்டைய மடிச்சு வச்சு ஓட்டிட்டு இருந்தாங்க. ஸ்டூல் மாத்திக் குடுத்தேன், அவ்ளோதான். அதுக்கப்புறம் அவங்க எங்கிட்ட எதையுமே மறைச்சதில்ல.

நான் நல்ல சூப்பர்வைசரா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்? ப்ரொடக்‌ஷன் வந்தா போதுமா?

ப்ரொடக்‌ஷன் நல்ல துணி, ஈஸி ஸ்டைல் மாட்டுனா யாருக்கும் வரும். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: கெட்ட சேதி உங்க காதுக்கு எத்தன மணிக்கு வருது?

எம் சைஸ் பீஸுல எல் லேபிள் போட்டு தச்சுட்டு இருக்காங்கன்னு வைங்க. பத்து மணிக்கு ஆரம்பிச்சது பத்தேகாலுக்கே உங்களுக்குத் தெரிஞ்சா இருவது பீஸ் பிரிச்சா வேல முடிஞ்சுது. சாயங்காலம் செக்கிங்ல தெரிஞ்சா அறுநூறு பீஸ். பெட்டி கட்டுனப்புறம் பையர், அதாவது ஆர்டர் குடுத்த கம்பெனியோட ஆளு வந்து கண்டுபுடிச்சா கதையே வேற. 3000 பீஸ் லாட்டுன்னா அவங்க பொதுவா 125 பீஸ் உருவிப் பாப்பாங்க, 2.5 லெவல்ல (எவ்ளோ டேமேஜ் வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு அது) 7 டேமேஜ் வரைக்கும் பாஸ், எட்டாவது கெடைச்சா மொத்த லாட்டும் ஃபெயில், பெட்டி பூராத்தையும் பிரிச்சு திரும்ப பாக்கணும். ஷிப்மென்ட் தேதி தாண்டுனா ஏர்ல அனுப்பற செலவு கம்பெனி தலைல. பத்தேகாலுக்கு அந்தப் புள்ளைக்கே தெரிஞ்சிருக்கும் பாருங்க, "ஐயோ மாத்தி அடிச்சிட்டமே"ன்னு. அவ உடனே எந்திரிச்சு உங்ககிட்ட வருவாளா, இல்ல பண்டலுக்கு அடில சொருகுவாளா? அது அவ கொணத்தப் பொறுத்தது இல்லீங்க. போன தடவ அப்படி ஒருத்தி வந்து சொன்னப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுங்கறதப் பொறுத்தது.

எனக்கு இது புரிஞ்சது ஒரு ஊசிலதான். ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டர்ல ஒட்டி, எழுதிக் குடுத்துட்டுத்தான் புது ஊசி வாங்கணும், தெரியும்ல. ஒரு துண்டு காணோம்னா அந்த பண்டலையே நிறுத்தி வச்சு தேடணும், கொழந்தைங்க போடுற துணின்னா கேக்கவே வேண்டாம். ஒரு வாரத்துல நாலு ஊசி ஒடைச்ச ஒரு பொண்ண எல்லார் முன்னாடியும் "ஊசி என்ன உங்கப்பன் வீட்டுதா"ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க லைன்ல ஊசியே ஒடையல. ரிஜிஸ்டர் சுத்தம். நான் வேற பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு நாள் மெட்டல் டிடெக்டர்ல பீஸ் மாட்டுச்சு. விசாரிச்சா லைன்ல பாதிப் பேரு வெளில கடைல சொந்தக் காசுல ஊசி வாங்கி பர்ஸ்ல வச்சிருக்காங்க, ஒடைஞ்சா சத்தமில்லாம மாத்திக்கறாங்க, துண்டு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மூணு நாள் மொத்த ஸ்டாக்கையும் திரும்ப டிடெக்டர்ல விட்டோம். ஊசிய ஒளிக்கச் சொல்லிக்குடுத்தது நாந்தான்.

கத்தலேன்னா வேல ஓடாதுன்னு எங்க மேனேஜர் சொல்றாரே?

கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு டி-ஷர்ட் லைன்ல ஷோல்டர், நெக் ரிப் (கழுத்துப் பட்டி), ஸ்லீவ், சைடு, பாட்டம்னு வேல போகுது. எல்லா வேலயும் பீஸுக்கு 30 செகண்டு, நெக் மட்டும் 45 செகண்டுன்னு வைங்க. மத்தவங்களால மணிக்கு 120 பீஸ் அடிக்க முடியும், நெக்குல மணிக்கு 80தான் வரும். அப்ப லைன்ல இருந்து வெளில வர்றதும் 80தான். நீங்க லைனோட தலைல நின்னு "வேகம், வேகம்"னு தொண்ட கிழிய கத்துனா ஷோல்டர் அடிக்கிறவங்க இன்னும் வேகமா அடிப்பாங்க, நெக்குக்கு முன்னாடி இன்னும் பெரிய மலை சேரும், வெளில வர்றது அதே 80. கூடிப் போனது டேமேஜும் தலவலியும்தான்.

அந்த நெக்கு மிஷின்கிட்ட போய் பத்து நிமிசம் சும்மா நின்னு பாருங்க. ரிப்ப அவங்களே எண்ணி எடுத்து, மடிச்சு, அப்புறம் வைக்கறாங்களா? ஒரு கைமடி ஆள பக்கத்துல போட்டா 45 செகண்டு 38 ஆகும், மணிக்கு 94 பீஸ் வரும். இத நீங்க கத்தி வாங்க முடியாது. சரி, ஆபத்துன்னா கத்துங்க, யாராவது கட்டிங் மிஷின்ல கைய விடப் போறாங்கன்னா கத்தத்தான் வேணும்.

அப்ப தப்பு பண்ணுனா சும்மா விட்டுடறதா?

யாரு சொன்னா. தப்பு மூணு விதத்துல வரும்: தெரியாம, முடியாம, வேணும்னே. மொத ரெண்டும்தான் ரொம்ப அதிகம், ஆனா நாம எல்லாத்தையும் மூணாவதா நெனச்சுத்தான் பேசுவோம்.

தெரியாமன்னா கத்துக்குடுக்கணும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்கால ஆம்பளைங்க பட்டாளத்துக்குப் போக, ஃபேக்டரிக்கு புதுப் புது ஆளுங்க வந்து குமிஞ்சாங்க, அவங்களுக்கு சீக்கிரம் வேல பழக்கணும்னு சூப்பர்வைசர்களுக்குன்னே ஒரு பயிற்சி வச்சாங்க. போர் முடிஞ்சப்புறம் அது ஜப்பான் போய் டயோட்டாலயும் வேர் புடிச்சுது. அதுல நாலு படி: ஆள மொதல்ல பயமில்லாம உக்கார வை, வேலய துண்டு துண்டா செஞ்சு காட்டு, எதுக்கு அப்படிங்கறதையும் சொல்லு, அவங்கள செய்ய விட்டு அவங்க வாயாலயே சொல்ல வை, அப்புறம் தனியா விட்டுட்டு அடிக்கடி வந்து பாரு. அந்தப் பயிற்சில ஒரு வாசகமே உண்டு, ஆளு கத்துக்கலேன்னா சொல்லிக்குடுத்தவன் சொல்லிக்குடுக்கலன்னு அர்த்தம்னு. நாம என்ன பண்றோம், "அந்த அக்கா அடிக்கறத பாத்து அடி"ன்னு சொல்லிட்டு டீக்குப் போயிடறோம்.

முடியாமன்னா மிஷின், நூலு, துணி, கண்ணு, ஒடம்பு இதுல ஏதோ ஒண்ணு. கறுப்புத் துணில கறுப்பு நூலு, மேல ட்யூப்லைட் மினுக்குது, தையல் விட்டுப் போச்சுன்னு யார திட்டுவீங்க?

வேணும்னேன்னா தனியா கூப்புட்டுப் பேசுங்க. ஸ்டோர் ரூம் பக்கம், கதவு தொறந்தே இருக்கட்டும். நடந்தது என்ன, அதனால என்னாச்சு, இனிமே என்ன வேணும், அவ்ளோதான் பேச்சு. "நீ எப்பவுமே இப்படித்தான்"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அவங்க வம்சத்துல போய் முடியும். ரெண்டு தடவ பேசியும் மாறலேன்னா எழுத்துல குடுங்க, மூணாவது தடவ மேனேஜர்கிட்ட கொண்டு போங்க. இழுக்காதீங்க, ஏன்னா ஒருத்தர் ஏமாத்தறத நீங்க பாத்தும் பாக்காம இருந்தா ஒழுங்கா அடிக்கற இருவது பேரு அத பாத்துட்டுத்தான் இருக்காங்க.

நான் வந்தப்புறம் எங்க லைன்ல டேமேஜ் கணக்கு ஏறிருச்சு, ஓனர் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. நான் ஏதோ தப்பு பண்றேனா?

ஏறுனது டேமேஜா, எழுதுன டேமேஜான்னு மொதல்ல பாருங்க. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட்ல ஒரு அம்மா, 1990கள்ல ஆஸ்பத்திரில மருந்து மாத்திக் குடுக்குற தப்புகள ஆராய்ச்சி பண்ணுனாங்க. நல்லா ஒத்துமையா இருக்க டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சுத்தான் போனாங்க, கணக்கு பாத்தா தலகீழ், நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாயிருக்கு. அப்புறம்தான் பிடிபட்டுச்சு, அந்த டீம்ல தப்பு அதிகமா நடக்கல, பயப்படாம சொல்றாங்க, மத்த டீம்ல மூடி வைக்கறாங்க.

ஓனர்கிட்ட காட்டறதுக்கு ஒரு வழி இருக்கு. லைன்ல புடிச்ச டேமேஜ் எவ்ளோ, கடைசி செக்கிங்ல புடிச்சது எவ்ளோ, பையர் இன்ஸ்பெக்‌ஷன்ல புடிச்சது எவ்ளோன்னு மூணையும் தனித்தனியா எழுதுங்க. மொதலாவது ஏறி மத்த ரெண்டும் எறங்குதுன்னா நீங்க சரியான ரோட்லதான் போறீங்க. மூணும் ஏறுதுன்னா வாங்க, பேசுவோம்.

டயோட்டால கயிறு இழுத்து லைன நிறுத்துவாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? நம்ம ஊருக்கெல்லாம் ஆகுமா?

நெசம்தான். தொழிலாளி தலைக்கு மேல ஒரு கயிறு போகும், ஏதாவது சரியில்லேன்னா யாரு வேணும்னாலும் இழுக்கலாம். பல பேரு தப்பா நெனக்கறது, இழுத்த ஒடனே லைன் நின்னுருமுன்னு. அப்படி இல்ல. மொதல்ல வெளக்கு எரியும், பாட்டு மாதிரி சத்தம் வரும், டீம் லீடர் ஓடி வருவாரு, அந்த வண்டி அடுத்த கோட்டத் தாண்டறதுக்குள்ள சரி பண்ணிட்டா லைன் நிக்காமயே போகும், முடியலேன்னாதான் நிக்கும். எனக்கு இதுல புடிச்சது கயிறு இல்ல, இழுத்தா ஆளு வருதுங்கறதுதான். யாரும் வரலேன்னா ரெண்டு நாள்ல கயிறு துணி காயப்போட மட்டும்தான் ஆகும்.

நாங்க ஒவ்வொரு மிஷின்லயும் ஒரு செவப்புத் துணித்துண்டு குடுத்தோம், கட்டிங் வேஸ்ட்தான், காசு செலவில்ல. பிரச்சனன்னா அத லைட்டு கம்பில மாட்டணும், மாட்டுனா நான் வரணும். மொத பத்து நாள் ஒருத்தரும் மாட்டல. பதினோராவது நாள் ஒரு சின்னப் பொண்ணு மாட்டுச்சு, போய் பாத்தா ஒண்ணுமேயில்ல, நூலு மாட்டத் தெரியல. நான் மாட்டிக் குடுத்துட்டு "நல்ல வேல கூப்புட்ட"ன்னு சொல்லிட்டு வந்தேன், லைன் பூரா ஓரக்கண்ணால என்னையத்தான் பாத்துட்டு இருந்துச்சு. அன்னைக்கு மதியத்துக்கு மேல நாலு துணி தொங்குச்சு.

இந்தக் காலத்து ஆளுங்களே சரியில்லக்கா. போன், லீவு, பாதில ஓடறது. நாம என்ன பண்ணாலும் எடுபடுமா?

அமெரிக்கால கலிபோர்னியா ஃப்ரீமான்ட்ல ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஃபேக்டரி இருந்துச்சு. ஆளுங்க இஷ்டத்துக்கு லீவு, திடீர் ஸ்ட்ரைக், வேல நேரத்துல குடி, அப்படி ஒரு கெட்ட பேரு. 1982ல மூடிட்டாங்க. 1984ல டயோட்டா கூட கூட்டு சேந்து அதே எடத்த தொறந்தாங்க, வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆளுங்களைத்தான், யூனியனும் அதேதான். கொஞ்ச நாள்லயே ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரிங்கள்லயே நல்ல தரம்னு பேரு வாங்குச்சு, லீவு போடறது பல மடங்கு கொறஞ்சுது. மாறுனது வேல வாங்குன விதம்தான். 2010 வரைக்கும் ஓடுச்சு, இப்ப அங்க டெஸ்லா இருக்கு. ஆளு சரியில்லன்னு என் வாயில வர்றப்பல்லாம் இத நெனச்சுக்குவேன். சில சமயம் ஆளும் சரியில்லாம இருக்கும், இல்லேங்கல.

மாசாமாசம் பெஸ்ட் டைலர்னு பரிசு குடுக்கலாமா?

டெமிங்னு ஒரு பெரியவர் இருந்தாரு, ஜப்பான்காரங்களுக்கு 1950ல தரம் பத்தி வகுப்பெடுத்தவரு, அவரு பேர்லயே அங்க விருது குடுக்கறாங்க. அவரு ஒரு வெளையாட்டு வைப்பாரு. ஒரு பொட்டில 3200 வெள்ள மணி, 800 செவப்பு மணி, கலந்து கெடக்கும். 50 குழி இருக்க ஒரு துடுப்ப உள்ள விட்டு எடுக்கணும், செவப்பு மணி வந்தா டேமேஜ். ஒருத்தருக்கு 6 வரும், ஒருத்தருக்கு 14 வரும். 6 வந்தவருக்கு கைத்தட்டல், 14 வந்தவருக்கு திட்டு. அடுத்த தடவ பாத்தா பாராட்டு வாங்குனவருக்கு 12, திட்டு வாங்குனவருக்கு 8. மேனேஜர் என்ன நெனப்பாரு? பாராட்டுனா கெட்டுப் போறான், திட்டுனா திருந்தறான்னு. ஆனா நடந்தது எதுக்கும் யாரும் காரணமில்ல, பொட்டில அஞ்சுல ஒரு மணி செவப்பு, அவ்ளோதான்.

நம்ம லைன்ல திறமைல வித்தியாசம் உண்டு, மணி மாதிரி அப்படியே இல்ல. ஆனா நல்ல துணி வந்தவங்களுக்கும் ஓட்ட துணி வந்தவங்களுக்கும் ஒரே தராசு வச்சு ஒருத்தருக்கு மட்டும் குக்கர் குடுத்தீங்கன்னா மீதி இருவத்தஞ்சு பேரு மூஞ்சியும் தொங்கிரும். அதுக்குப் பதிலா ஷிப்மென்ட் போன அன்னைக்கு எல்லாருக்கும் போண்டா டீ வாங்கிக் குடுங்க.

என் கூட உக்காந்து தச்ச ஃப்ரெண்டு, இப்ப என் லைன்லயே. அவ லேட்டா வந்தா எப்படிக் கேக்கறது? வயசுல மூத்த அக்காங்ககிட்ட எப்படி வேல சொல்றது?

ஃப்ரெண்டுகிட்ட மொத நாளே வெளில வச்சு சொல்லிருங்க, "உள்ள உனக்குன்னு தனி ரூல் என்னால போட முடியாது, போட்டா என்னைய யாரும் மதிக்க மாட்டாங்க"ன்னு. கொஞ்ச நாள் மூஞ்சத் தூக்கிட்டுத் திரிவா. எனக்கு அப்படி ஒரு சிநேகிதம் முறிஞ்சே போச்சு, பொய் சொல்ல விரும்பல.

மூத்தவங்கள அக்கா, அண்ணான்னே கூப்புடுங்க, பதவி வந்துருச்சுன்னு பேரச் சொல்லிக் கூப்புட்டீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சுது. மரியாதையோட சொன்னாலும் வேல வேலதான், "அக்கா, இந்த பண்டல் பன்னெண்டரைக்குள்ள வேணுங்க்கா"ன்னா எந்த அக்காவும் மாட்டேங்கறதில்ல. புது ஸ்டைல் வந்தா மொதல்ல அவங்ககிட்ட சாம்பிள் பீஸக் காட்டி "இத எப்படிக்கா அடிச்சா சுருக்கம் வராது?"ன்னு கேளுங்க. நடிப்புக்குக் கேக்காதீங்க, நெசமாவே அவங்களுக்கு உங்கள விடத் தெரியும்.

ஒடிசா, பீகார் பசங்க நெறைய. பாஷ தெரியாம எப்படி?

மொதல்ல எல்லாரையும் "ஹிந்திக்காரன்"னு கூப்புடறத விடுங்க, ஒடிசா பையன் வீட்டுல பேசுறது ஒடியா, அசாம் பொண்ணுக்கு அது வேற. பேரச் சொல்லிக் கூப்புடுங்க. அப்புறம் ஒரு சரியான பீஸையும் ஒரு தப்பான பீஸையும் மிஷினுக்கு மேல கயிறு கட்டி தொங்க விடுங்க, பாதிப் பேச்சு மிச்சமாகும். மெதுவா, நிறுத்து, சரி, திரும்ப, வலிக்குதா, சாப்டியா, இந்த ஆறு வார்த்தைய அவங்க பாஷைல கத்துக்கங்க. கடைசி ரெண்ட விட்டுடாதீங்க.

அவங்கள கூட்டிட்டு வந்த ஏஜென்ட் மூலமாவே எல்லாம் பேசறது சுலபமாத்தான் தெரியும், ஆனா ஒரு பையனுக்கு காய்ச்சலுன்னா அது ஏஜென்ட் வழியா சுத்தி உங்களுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு நாளாயிரும். கெட்ட சேதிக்கு நடுவுல ஒரு ஆளு நின்னா அது மெதுவாத்தான் வரும், வர்ற வழில எளச்சும் போயிரும்.

சனிக்கெழம சம்பளம், திங்கக்கெழம பாதி மிஷின் காலி. என்ன வைத்தியம்?

முழு வைத்தியம் கெடையாது. நான் பண்றது என்னன்னா, ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டாவதா ஒரு ஆளப் பழக்கி வச்சிருப்பேன், அதுக்குத்தான் அந்த மொத வார நோட்டு. லீவு வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, சொன்னா குடுப்பேன்னு சொல்லுவேன், சொன்ன மாதிரியே குடுப்பேன். சண்ட போட்டு லீவு வாங்கணும்னா யாரு கேப்பாங்க, போன ஆஃப் பண்ணிட்டு படுத்துக்குவாங்க. ஊருக்குப் போன புள்ள பொங்கலுக்கு அப்புறம் திரும்ப வருமாங்கறது தீபாவளி போனஸ்ல மட்டும் இல்ல, ரோட்டுல எதிர்ல இருக்க ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் "டைலர் தேவை" போர்டு தொங்குதே, அதத் தாண்டி உங்க கேட்டுக்குள்ள நொழையணும்னா அவளுக்கு ஒரு காரணம் வேணும்.

ராத்திரிக்குள்ள முடிச்சே ஆகணும்னு ஓனர் சொல்றாரு. ஆளுங்க ஒன்றரை ஷிப்ட் (ஒரு ஷிப்ட்டு முடிஞ்சு இன்னும் அர ஷிப்ட்டு) அடிச்சு ஓஞ்சு போயிருக்காங்க. நடுவுல நான்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்திருந்தா நானும் நிம்மதியா தூங்கியிருப்பேன். ஒண்ணு சொல்றேன், "முடிஞ்சுரும் சார்"ங்கறத வாயத் தொறந்ததும் சொல்லாதீங்க. மதியம் ரெண்டு மணிக்கே கணக்கு போடுங்க: மீதி 900 பீஸ், மணிக்கு 80, பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ராத்திரி எட்டரைக்குள்ள வராது. அந்தக் கணக்க ரெண்டேகாலுக்கு ஓனர்கிட்ட கொண்டு போனா பக்கத்து லைன்ல பாதி மாத்திக் குடுக்கலாம், பையர்கிட்ட ஒரு நாள் கேக்கலாம். எட்டு மணிக்கு கொண்டு போனா கத்தல் மட்டும்தான் மிச்சம். நமக்குக் கீழ இருக்கவங்க கெட்ட சேதிய சீக்கிரம் சொல்லணும்னு எதிர்பாக்குறோம்ல, நாமளும் மேல சொல்லணும்.

ஓவர்டைமுக்கு ரெட்டச் சம்பளங்கறது சட்டம், 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே அப்படித்தான். அந்தக் கணக்குல பாத்தா நம்மூரு ஒன்றரை ஷிப்ட் கணக்கே ஒதைக்கும், அது பெரிய கத. உங்களால முடிஞ்சது, இருக்க முடியுமான்னு கேளுங்க, முடியாதுங்கறவங்கள நாளைக்கு கரிச்சுக் கொட்டாதீங்க, பொண்ணுங்க போறதுக்கு வண்டிய உறுதி பண்ணிட்டு அப்புறம் மிஷின ஓட்டுங்க, நீங்க கடைசியா போங்க.

ஓனரே நேரா லைனுக்கு வந்து ஆளுங்ககிட்ட வேலய மாத்திச் சொல்லிட்டுப் போயிடறாரு. நான் எதுக்கு?

அவரு பணம், அவரு மிஷின், அவருக்கு பதட்டம். எல்லார் முன்னாடியும் மறுத்துப் பேசாதீங்க. சாயங்காலம் தனியா போய் "நீங்க காலைல ஸ்டைல மாத்துனதுல 40 நிமிசம் லைன் நின்னுச்சுங்க, எங்கிட்ட சொல்லியிருந்தா பண்டல் முடிஞ்சதும் மாத்தியிருப்பேன்"னு நிமிசக் கணக்கோட சொல்லுங்க. வருத்தத்த சொன்னா காதுல ஏறாது, நிமிசத்த சொன்னா ஏறும்.

லைன்ல ஒரு பொண்ணு, செக்கிங்ல இருக்க ஒருத்தன் தப்பா நடந்துக்கறான்னு எங்கிட்ட வந்து அழுதா. பேசி முடிச்சு வச்சிரட்டுமா?

கூடாது. ரெண்டு பேரையும் கூப்புட்டு வச்சுப் பஞ்சாயத்து பண்ணாதீங்க, "அவன் அப்படிப்பட்டவன் இல்ல"ன்னு சொல்லாதீங்க, அவளையே வேற லைனுக்கு மாத்தாதீங்க. வேல எடத்துல பாலியல் தொந்தரவத் தடுக்கற 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற எல்லா எடத்துலயும் புகார் கமிட்டி இருக்கணும், தலைவர் ஒரு பொம்பளையா இருக்கணும், வெளியாள் ஒருத்தர் இருக்கணும். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், எழுத வராதுன்னா எழுத உதவி பண்ணணும். உங்க வேல, அவ சொல்றத நம்பிக் கேக்கறது, கமிட்டிகிட்ட கூட்டிட்டுப் போறது, வெளில மூச்சு விடாம இருக்கறது. அவ உங்ககிட்ட வந்திருக்கான்னா எவ்ளோ யோசிச்சு வந்திருப்பா.

பொம்பள சூப்பர்வைசர் சொன்னா ஆம்பள டைலருங்க கேப்பாங்களா?

மொத மாசம் கேக்க மாட்டாங்க. மிஷின் நின்னப்ப மெக்கானிக் வர்றதுக்குள்ள நானே லூப்பர (அடி நூல கோத்து விடற பாகம்) சரி பண்ணி ஓட்டுனேன், ரெண்டாவது மாசத்துல இருந்து கேட்டாங்க. நாயமில்லதான், ஒரு ஆம்பளைக்கு அந்தப் பரீட்ச வைக்க மாட்டாங்க.

வாட்ஸ்அப் க்ரூப் வச்சு வேல சொல்லலாமா?

லீவு, வண்டி டைம், சம்பள தேதி, இதுக்கு மட்டும். டேமேஜ் பீஸ் போட்டோ எடுத்து "யாரு இந்த வேல?"ன்னு க்ரூப்ல போடற சூப்பர்வைசர நானே மூணு பேர பாத்துட்டேன். ஊசிக் கததான் அதுவும்.

தினமும் பண்ற மாதிரி என்ன பழக்கம் வச்சுக்கலாம்?

நான் பண்றத சொல்றேன், உங்களுக்கு ஒத்து வந்தா எடுத்துக்கங்க. காலைல பத்து நிமிசம் முன்னாடி போய் நிப்பேன், வர்றவங்க மூஞ்சியப் பாப்பேன், யாரு அழுதிட்டு வர்றா, யாரு ராத்திரி தூங்கல, அங்கயே தெரிஞ்சுரும். எட்டரைக்கு மிஷின் ஓட்டறதுக்கு முன்னாடி மூணு நிமிசம் நின்னுட்டே பேச்சு: நேத்து என்னாச்சு, இன்னைக்கு என்ன ஸ்டைல், எதுல மாட்டிக்குவோம். மணிக்கொரு தடவ போர்டுல நம்பர் எழுதுவோம், நம்பர் கொறஞ்சா ஏன்னு பக்கத்துலயே எழுதணும், யாருன்னு எழுதக் கூடாது. மதியம் ஒரு நாளைக்கு ஒருத்தரோட டிபன்பாக்ஸ் பக்கத்துல உக்காந்து சாப்புடுவேன், வேல பத்திப் பேச மாட்டேன், ஆனா முக்கியமான வேல விசயமெல்லாம் அங்கதான் வரும். நான் தப்பு பண்ணுனா அடுத்த நாள் அந்த மூணு நிமிசத்துலயே "நேத்து நாந்தான் சைஸ் ஷீட்ட தப்பாப் படிச்சேன்"னு சொல்லிருவேன். மொத தடவ சொன்னப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு.

அப்புறம் வருசத்துக்கு ஒரு வாரம் லீவு எடுங்க. நீங்க இல்லாதப்ப லைன் தடுமாறுனா எத நீங்க யாருக்கும் சொல்லிக்குடுக்காம கைலயே வச்சிருக்கீங்கன்னு தெரியும்.

எல்லாம் பாத்துட்டேன்க்கா, இந்த வேல எனக்கு ஒத்து வரல. திரும்ப டைலராவே போயிட்டா கேவலமா?

இதுல என்ன கேவலம். சீசன்ல பீஸ் ரேட்டுக்கு அடிக்கிற நல்ல பேட்லாக் டைலர் வாரத்துல சூப்பர்வைசர விட அதிகமாவே வாங்கிட்டுப் போவாரு. எங்ககிட்ட ஒரு பையன் எட்டு மாசம் சூப்பர்வைசரா இருந்துட்டு "வேண்டாங்க்கா, மிஷின் போதும்"னு திரும்ப உக்காந்துட்டான், ரெண்டு நாள் மத்தவங்க கிண்டல் பண்ணாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. இப்பவும் அந்த லைன்ல ஏதாவது கோளாறுன்னா மொதல்ல செவப்புத் துணி தொங்கறது அவன் மிஷின்லதான்.